பாயோடு ஒட்டிய கதை

1971ஆம் ஆண்டு தை மாதத்தில் அப்பாவுக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு செத்தவீடு போலாயிற்று. மட்டக்களப்பார் வந்தவனை ஊர் திரும்பவிடாமல் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பதை நம்பாதவர் அக்காலத்தில் எங்கள் ஊரில் அரிது. "அங்கை ஆற்றை வீட்டிலையும் பாயிலை மட்டும் இருந்திடாதை, மோனை" என்று அப்பாச்சி என் கையைப் பிடித்து அழுதார். மாகோ சந்தியில் ரயில் மாறி ஏறியபோதும் அந்தப் பயம் என்னுடனேயே வந்தது.

கல்லூரியில் எனக்குக் கிடைத்த பெயர் 'பனங்கொட்டை'. யாழ்ப்பாணத்தார் வாசலில் நிற்கும் விருந்தாளியிடம் "சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்?" என்று கேட்பவர்கள் என்பது வகுப்பில் எல்லாரதும் முடிவு. அதில் சிறிது உண்மை உண்டென்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்ளலாம்.

மாசியில் வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தபோது நண்பன் ஒருவன் என்னை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். 2014இல் பாலம் திறக்கப்பட்ட மண்முனைத் துறையை அன்று ஓடத்தில்தான் கடந்தோம். அவனுடைய தாயார் புதிய பன்பாய் ஒன்றை உதறி விரித்து, "இரி மனே" என்றார். நான் கம்பம் போல் நின்றேன். பட்டணத்துப் பிள்ளைக்குத் தரையில் இருந்து பழக்கமில்லைப் போலும் என்றெண்ணிய அவர், பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கதிரையை இரவலாகத் தூக்கிவந்தார். எருமைத் தயிரும் தேனும் விட்டுப் பிசைந்த சோற்றை அந்தக் கதிரையில் இருந்தே உண்டேன். இரவு சூடடிக்கும் களவெட்டியில், களத்து வழக்கப்படி நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்று அவர்கள் சொன்னதைக் கேட்டபோது, மந்திரம் இதுதானோ என்று மீண்டும் நடுங்கினேன். ஆனால் களைப்பு வென்றது. காலையில் என் கன்னத்தில் பாயின் பின்னல் வரிவரியாகப் பதிந்திருந்ததைக் கண்டு வீடே சிரித்தது.

அங்கே வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போகிறது. மணமுடித்தவன் மனைவி வீட்டில் வந்து குடியிருக்கிறான். குடி எனப்படும் குலப்பிரிவும் தாய்வழியாகவே வருகிறது. வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் அங்கே பெண்ணெடுத்து, வீடும் வயலும் கிடைத்துத் தங்கிவிட்டால், மகனுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று என்று சொல்வதைவிட, பாயில் ஏதோ வைத்துவிட்டார்கள் என்று சொல்வது இங்கே காத்திருந்த தாய்மாருக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான்கு ஆண்டுகளின் பின், திரும்பிவரக் கிடைத்த இடமாற்றத்தை அப்பா வேண்டாமென்று எழுதிக்கொடுத்தார். மந்திரத்தை முறிக்கவென்றே அப்பாச்சி ரயிலேறி வந்தார். ஒரு கிழமைக்கென்று வந்தவர் இரண்டு மாதம் இருந்தார். போகும்போது, பெட்டியில் அடங்காத இரண்டு பன்பாய்களைச் சுருட்டிக் கட்டி, யாரையும் தொடவிடாமல் தாமே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.