தரை வடிகாலில் நல்ல பாக்டீரியா

உணவு ஆலையில், நோய் உண்டாக்கும் பாக்டீரியாவான லிஸ்டீரியாவுக்கு மிகவும் பிடித்த இடம் தரை வடிகால். குளிரறையின் 4 டிகிரி செல்சியஸிலும் அது வளரும். பிசுபிசுப்பான உயிர்ப்படலம் கட்டிக்கொண்டால் குளோரின் உள்ளே எளிதில் எட்டாது. அங்கே பாலைப் புளிக்கவைக்கும் நல்ல பாக்டீரியாவான லாக்டோகாக்கஸ் லாக்டிஸை முன்கூட்டியே குடியேற்றலாம். இடத்தையும் சத்தையும் அது பிடித்துக்கொள்ளும், அமிலம் சுரக்கும். சில ரகங்கள் லிஸ்டீரியாவின் சவ்வைத் துளைக்கும் நைசின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளையும் தரும்.

பழைய படலத்தின் மேல் இந்த நல்ல பாக்டீரியாவை ஊற்றினால் வீண். முதலில் காரத்தன்மையுள்ள சோப்பு நுரையிட்டு, வடிகாலுக்கென்றே ஒதுக்கிய பிரஷால் தேய்க்க வேண்டும். உயர் அழுத்தக் குழாய் வேண்டவே வேண்டாம்; கிருமி நீர்த்திவலையோடு பறந்து மேசைமேல் இறங்கும். அடுத்து கிருமிநாசினி, பிறகு நன்றாக அலசல். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: மிஞ்சிய குவாட்டர்னரி அமோனியம் போன்ற கிருமிநாசினி நல்ல பாக்டீரியாவையே கொன்றுவிடும். மில்லிலிட்டருக்குச் சுமார் 1 கோடி உயிரணுக்கள் உள்ள கரைசலை வேலை முடிந்ததும் ஊற்றி, மறுநாள் வேலை தொடங்கும்வரை தண்ணீர் விடாதீர்கள்.

சால்மொனெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருப்பதால் நைசின் மட்டும் எடுபடாது. உணவு நேரடியாகப் படும் பரப்பில் இந்தப் பாக்டீரியாக் கரைசலைப் பூசுவது சரியல்ல என்பதே என் கருத்து. அதே பாக்டீரியா பொருளைப் புளிக்கவைத்துவிடும். வாரந்தோறும் வடிகாலில் பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி (ஸ்வாப்) எடுத்து லிஸ்டீரியா இருக்கிறதா என்று பாருங்கள்.