வாய்க்காலும் வடிகாலும்

நகர ரயில் திட்டமிடலில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நெரிசலில் திணறிக்கொண்டிருந்த ஒரு சுரங்க ரயில் பாதையின் சுமையைக் குறைக்கப் புதிய வழித்தடம் வரையும் வேலை என்னிடம் வந்தது. வரைபடத்தை விரித்ததுமே விடை தெரிந்துவிட்டதாக நினைத்தேன். கூட்டம் உச்சத்தில் இருக்கும் நான்கு நிலையங்களுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, அதே திசையில் இன்னொரு கோடு. பாதை இரண்டானால் கூட்டமும் இரண்டாகப் பிரியும்தானே?

பிரியவில்லை. கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தபோது பழைய பாதையில் சொற்பம்தான் குறைந்தது. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. அந்த நான்கு நிலையங்களில் வண்டியை நிறைத்திருப்பவர்கள் அங்கே ஏறுகிறவர்கள் அல்ல. பத்து நிலையங்களுக்கு முன்பே, புறநகரிலேயே ஏறி இடம்பிடித்து வருகிறவர்கள். பிடித்த இடத்தை விட்டு எழுந்து, படியேறி, நடந்து, இன்னொரு வண்டிக்காகக் காத்து நிற்க அவர்களுக்கு என்ன அவசியம்? வண்டி மாற நடக்கும் ஒரு நிமிடமும், வண்டிக்குள் இருக்கும் ஒரு நிமிடமும் பயணிக்கு ஒன்றல்ல. எங்கள் கணக்குகளில் நடையை ஏறக்குறைய இரண்டு மடங்காகவே எடுத்துக்கொள்வோம்.

ஆகவே கூட்டத்தை அது திரளும் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று கோட்டைப் புறநகர்ப் பக்கம் தள்ளினேன். நெரிசல் தொடங்குவதற்கு முந்தைய நிலையத்தில் பழைய பாதையைத் தொடும்படி வரைந்து, அங்கேயே முடித்தும் விட்டேன். கையில் இருந்த பணம் அதுவரைதான் வரும். எங்கள் மூத்த பொறியாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பென்சிலைக் கோட்டின் கடைசிப் புள்ளியில் வைத்தார்.

“இங்க இறங்குறவங்க அடுத்து எங்கம்மா போவாங்க?”

“பழைய பாதையில ஏறி ஊருக்குள்ள போவாங்க, சார்.”

“அப்போ நீ வெட்டினது வாய்க்கால். நமக்கு வேண்டியது வடிகால்.”

இதைவிடத் தெளிவாக இந்தத் தொழிலை எனக்கு யாரும் விளக்கியதில்லை. நெரிசலின் வாசலில் முடிகிற புதிய பாதை, நெரிசலுக்குள் இன்னும் ஆள் கொண்டுவந்து கொட்டும். சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் அது மையப் பகுதிக்குள் நுழைந்து, மக்கள் போகும் இடங்களைத் தொட்டு, மறுபக்கம் வெளியேற வேண்டும். பாரிஸில் புறநகரையும் நகர மையத்தையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். விரைவு ரயிலின் ஏ பாதையில் நடுப்பகுதி தாங்காமல் போனபோது கட்டப்பட்ட 14-ஆம் எண் மெட்ரோ 1998 அக்டோபரில் திறந்தது. அன்று அதில் ஏழே நிலையங்கள். ஆனால் அது நகருக்குள் இருக்கும் ஷாத்லே, கார் த லியோன் இரண்டையும் தொட்டது. அந்த இரண்டும் ஆர்.இ.ஆர். நிலையங்களும்கூட. பழைய பாதையைவிட்டு மாறுகிறவர் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா பாதையை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன். 1968 முதல் 1971 வரை பகுதி பகுதியாகத் திறந்த அந்தப் பாதையில் பிம்லிகோ தவிர எல்லா நிலையத்திலும் வேறு ரயிலுக்கு மாறலாம். ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் நிலையத்தில் பேக்கர்லூ என்ற இன்னொரு பாதையின் வண்டிக்கு மாற, நடைமேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் போதும். அதன் பயனை 1963-ல் கணக்கிட்ட ஃபாஸ்டர், பீஸ்லி என்ற பொருளாதார அறிஞர்கள், பயனில் பெரும்பங்கு அந்தப் பாதையில் ஏறாதவர்களுக்கே போகும் என்று காட்டினார்கள். மற்றப் பாதைகளில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட இடம், சாலையில் போகிறவர்களுக்கு வழி. “உங்கள் பாதையில் எத்தனை பேர் ஏறுவார்கள்?” என்று மட்டும் நிதிக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். மற்ற பாதையில் எத்தனை பேர் குறைவார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மூன்றாவது வரைவுக்கு முன் மூன்று வாரம் காலை நேரங்களில் நடைமேடையில் நின்று எண்ணினோம். கதவு மூடிய பிறகும் வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர், வண்டி எத்தனை நொடி நிற்கிறது என்று குறித்தோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு முப்பது. கூட்டம் ஏறி இறங்க முடியாமல் கதவு தாமதமாகி, இடைவெளி இரண்டரை நிமிடமானால் இருபத்து நான்கு. வண்டிக்கு 1,200 பேர் என்று வைத்தாலும், ஒரு மணி நேரத்தில் 7,200 பேருக்கான இடம் காணாமல் போகிறது. மிச்சப்பட்டவர்கள் அடுத்த வண்டியை இன்னும் தாமதமாக்குகிறார்கள். கூட்டம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்வதைக் கண்ணெதிரே பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அங்கேதான் ஒரு பெண்மணியைக் கவனித்தேன். தினமும் எதிர்த்திசை வண்டியில் ஏறினார். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார் என்றுதான் எங்கள் கணக்கில் பதிவாகியிருந்தது. நான்காம் நாள் கேட்டேன். “இங்க ஏறினா நிக்கக்கூட முடியாதும்மா. மூணு ஸ்டேஷன் பின்னால போய், அங்கிருந்து இந்தப் பக்கம் ஏறிடுவேன். முட்டி வலி எனக்கு” என்றார். ஒரே ஆள், இரண்டு திசையிலும் எண்ணப்பட்டிருக்கிறார். அவர் தினமும் இழக்கும் இருபது நிமிடம் எங்கள் மாதிரியில் எங்குமே இல்லை. அப்படி எத்தனை பேர் என்று பிறகு எண்ணியபோது, மாதிரியின் அடிப்படையையே திருத்த வேண்டியிருந்தது.

புதிய வரைவு மையத்தைக் கடந்து இரண்டு நிலையம் தள்ளி முடிகிறது. செலவு கூடியது, அதற்காக நடந்த வாதங்களை இங்கே விரிக்கவில்லை. வண்டிகளை மட்டும் குட்டையாக்க விடவில்லை. சியோலின் 9-ஆம் பாதை 2009-ல் நான்கு பெட்டி வண்டிகளோடு தொடங்கி, அதன் விரைவு வண்டிகள் நெரிசலுக்கே பெயர்போனவையாகி, பிறகு ஆறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. இணைப்பு நடைவழி காகிதத்தில் நான்கு நிமிடம். காலைக் கூட்டத்தோடு அதே தூரத்தை நடந்து பார்த்தேன், ஏழு ஆனது. நிலையத்தைப் பழைய நடைமேடையின் பக்கம் நகர்த்தும்வரை நான் கையெழுத்திடவில்லை.

எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: ‘இடத்துக்காகப் பின்னால் போய்த் திரும்பி வருகிறவர்கள்’. புதிய பாதை ஓடத் தொடங்கியதும் நான் முதலில் தேடப்போவது அந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணைத்தான்.