காற்றாடிமலையில் தீர்த்த நேர்ச்சை

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

வேதத்துக்காகக் காற்றாடிமலையில் உயிர்விட்ட புனித தேவசகாயத்துக்கு 2020-இல் நேர்ந்ததை 2024 ஜனவரி 14 அன்று தீர்த்தோம். முதலில் கொரோனா. அது ஓய்ந்ததும் பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல், இவருக்கு ஊராட்சி வேலை. ஒவ்வொரு வருடமும் தேவசகாயம் திருவிழா வரும்போதெல்லாம் என் மாமியார், "மக்ளே, கடன் வாங்கினா கொடுத்திரணும்" என்று நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார்கள். புனிதர் எங்களைப் பொறுத்துக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகச் சொல்ல வருமா தெரியவில்லை, நினைவு வந்தபடி சொல்கிறேன்.

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1.1 கிலோ. ஊரடங்கு நேரம், பஸ் கிடையாது, மருத்துவமனையில் ஒருவருக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். மூத்தவனுக்கு அப்போது மூன்று வயது. அவன் மாமியாரிடம் இருந்தான். என் கணவர் அதற்கு முந்தைய டிசம்பர் தேர்தலில்தான் ஊராட்சி வார்டு உறுப்பினராக ஜெயித்திருந்தார். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. பகலெல்லாம் தெருத்தெருவாக அரிசிப்பையும் பிளீச்சிங் பவுடருமாக அலைந்துவிட்டு ராத்திரி வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே பிள்ளையின் காலில் ஊசி ஏற்ற இடமில்லாமல் நர்ஸ் தேடிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் பிப்ரவரியில்தான் தேவசகாயத்தின் பரிந்துரையால் நடந்த புதுமையை ரோமாபுரி ஏற்றுக்கொண்டிருந்தது. 2013-இல் ஒரு தாயின் வயிற்றில் அசைவற்றுப்போன பிள்ளை, காற்றாடிமலை வேதசாட்சியை நோக்கி மன்றாடியபின் உயிரோடு அசைந்தது. பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்தில் இதை வாசித்துக் கேட்டிருந்தோம். வாசித்தபோது யாருக்கோ நடந்ததாகத்தான் இருந்தது. மருத்துவமனை வராந்தாவில் அது எனக்கென்றே நடந்ததாக இருந்தது. மாமியார் போனிலேயே நேர்ந்துகொண்டார்கள். "வேதசாட்சியே, பிள்ளை பிழைச்சா தோவாளையில இருந்து நடந்து வாறோம். உம்ம வீட்டுக்காரி பேரையே வைக்கோம்." பிள்ளை பிழைத்தாள். ஞானப்பூ என்றே பெயர் வைத்தோம். வீட்டில் பூவு.

திருவிழா அன்று ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் பொங்கல். கேட்கவா வேண்டும்! விடியும் முன்பே கோட்டாற்றுக்குப் போனோம். சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறையைத் தொட்டு வணங்காமல் மலையேறக்கூடாது என்பது மாமியாரின் கட்டளை. சுட்டுக்கொன்று காட்டில் போட்டுவிட்டுப் போன உடலின் எலும்புகளை நம் ஆட்கள் பொறுக்கிக் கொண்டுவந்து அடக்கம் செய்த இடம் அது. அங்கே முழங்காலிட்டுவிட்டுத் தோவாளைக்கு பஸ் பிடித்தோம். பொங்கல் கூட்டத்தில் பூச்சந்தைக்குள் நுழையவே முடியவில்லை. பிச்சிப்பூ விலை கேட்டதும் இவர் என்னைப் பார்த்தார். நேர்ச்சைக்கு விலை பேசக்கூடாது என்று வாங்கிவிட்டேன்.

அங்கிருந்து நடை. ஆடிக்காற்று இல்லாத மாதம், காற்றாலைகள் மெதுவாகத்தான் சுற்றின. வெயில் ஏற ஏற மூத்தவன், "இன்னும் எவ்வளவு தூரம்பா?" என்று ஆரம்பித்தான். இவர் அவனுக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் நீலகண்டன் என்ற பெயரில் அதிகாரியாக இருந்த தேவசகாயத்துக்கு வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னால் அதே ராஜாவுக்குத் தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் சொன்ன கதையும் யோபு கதைதானே. அந்தக் கதையில்தான் தொடங்கியது எல்லாம். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், நான்கு வருடத்தில் விலங்கு, 1752-இல் இந்த மலை. மூத்தவனுக்கு எருமை மாட்டு விஷயம் மட்டும் மனதில் தைத்துவிட்டது. பின்பக்கம் பார்த்து எருமைமேல் உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்றதும், "விழுந்திருவாங்கல்ல, யாராவது பிடிச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

ஆரல்வாய்மொழி விலக்கில் ஆட்டோக்காரர்களின் தொல்லை தாங்கவில்லை. "பிள்ளைகளை வச்சிட்டு நடக்கியளே" என்று பரிதாபம் காட்டுவது, பிறகு வாயில் வந்த தொகையைச் சொல்வது. கோயில் பக்கம் போனால் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு பெண் பூவின் கையில் பிளாஸ்டிக் ஜெபமாலையைத் திணித்துவிட்டுக் காசு கேட்டார். கைப்பிள்ளைக்காரிகளுக்கு ஒதுங்க ஒரு நிழல் கிடைப்பது பெரும்பாடு. இதையெல்லாம் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

இதைவிட வேறொன்றுதான் மனதைச் சுட்டது. பாறைக்குப் போகும் வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது ஓர் அரசியல் பிரமுகர் வந்தார். பெயர் வேண்டாம். கூட வந்தவர்கள் வழி விடு, வழி விடு என்று வரிசையை ஓரமாகத் தள்ளினார்கள். புனிதர் சுடப்பட்ட இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள், சால்வை போட்டார்கள், போய்விட்டார்கள். ஒரு நொடி முழங்காலிடவில்லை. பூவு தாகத்தில் அழுதுகொண்டிருந்தாள். என் கணவர் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். தேர்தல் வந்தால் எங்கள் கோயில் வாசலுக்கும் இப்படித்தான் வருவார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தபோது தமிழக அமைச்சர்கள் வத்திக்கான் வரை போனார்கள், தமிழ்த்தாய் வாழ்த்து அங்கே ஒலித்தது. அதைப் பார்த்து நானும் கண்கலங்கியவள்தான். மரியாதை வேறு, இந்தத் தள்ளுமுள்ளு வேறு.

எங்கள் முறை வந்தது.

புனிதர் முழங்காலிட்டு ஜெபித்த பாறையில் பதிந்திருக்கும் தடத்துக்கு முன்னால் நின்றோம். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. மாமியார் பூவைத் தூக்கி இறக்கிவிட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகவே அந்தப் பள்ளத்தில் தன் முழங்கால் முட்டு இரண்டையும் வைத்து, கையைக் குவித்துக்கொண்டாள். "பிள்ளைக்க முட்டைப் பாருங்க!" என்று பின்னால் ஓர் அம்மா சொன்னது கேட்டது. நான் முட்டைப் பார்க்கவில்லை. அவளுடைய உள்ளங்கால் இரண்டும் என் பக்கம் திரும்பியிருந்தன. நடந்த புழுதி ஒட்டிய குதிகாலில் அந்த ஊசித் தழும்புகள், அரிசிமணி அளவுக்கு வெள்ளைவெள்ளையாய். தினமும் குளிப்பாட்டும்போது பார்க்கிற தழும்புதான். அந்த இடத்தில் பார்த்தபோது தாங்க முடியவில்லை. என்ன வேண்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அது ஒன்றுதான் வாயில் வந்தது. பிச்சிப்பூவை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. நெருக்கிக்கொண்டிருந்தவர்கள் எப்படியோ கொஞ்ச நேரம் நெருக்காமல் நின்றார்கள். அந்த அம்மாதான் கையை விரித்துத் தடுத்திருக்கிறார் என்று இவர் பிறகு சொன்னார். அவர் யாரோ, எந்த ஊரோ, அவருடைய பிள்ளைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

மணியடிச்சான் பாறையை மூத்தவன் ஒரு கல்லால் தட்டினான். கோயில் மணிபோலவே கேட்டது. விடாமல் தட்டினான்.

கீழே இறங்கி வியாகுல மாதா கோயிலில் உட்கார்ந்தபோது எனக்குப் புனிதரின் மனைவி ஞானப்பூ அம்மாளின் நினைவாகவே இருந்தது. கணவருக்கு அரண்மனை உத்தியோகம், சொந்தபந்தம், வீடு எல்லாம் இருந்த பெண். கணவரைப் போலவே அவரும் ஞானஸ்நானம் பெற்றார். கணவரை விலங்கிட்டு இழுத்துக்கொண்டு போனபோது எங்கே நின்று பார்த்திருப்பார்? புனிதர் இறந்தபின் வடக்கன்குளத்திலேயே இருந்து அங்கேயே அடக்கமானார். அவருக்குப் பீடம் இல்லை, தேர் இல்லை. பொதுவாழ்க்கையில் இருக்கிற ஓர் ஆளின் விசுவாசத்துக்கு விலை கொடுப்பது முதலில் அவர் வீட்டில் இருப்பவள்தான். இதை நான் பெரிதாகச் சொல்லவில்லை, எங்களுக்கு வந்தது சின்னச் சோதனைதான். ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் வார்டில் ஊர்க்கடைசித் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கிடையாது. அங்கே இருப்பவர்களில் கொஞ்சம் வேதக்காரர், கொஞ்சம் அம்மன் கும்பிடுகிறவர்கள். நாங்கள் எந்தச் சாதியோ அவர்கள் அந்தச் சாதி இல்லை, அவ்வளவுதான் விஷயம். இவர் அந்தக் குழாய்க்கு மனுப் போட்டதும் எங்கள் கோயில் பங்கிலேயே சில பெரியவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "நம்ம ஓட்டுல ஜெயிச்சிட்டு அங்க குழாய் போடுதியா? கோயில் ரோட்டுக்கு சிமெண்டு போடு முதல்ல." அதற்கப்புறம் வந்த திருவிழாவில் எங்களிடம் வரி வாங்கினார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. மூத்தவனோடு விளையாட வந்த பிள்ளைகள்கூடக் கொஞ்ச நாள் வரவில்லை. அவன் ஏன் என்று கேட்டபோது எனக்கு வலித்தது.

தேவசகாயத்தின்மீது மேல்சாதிக்காரர்களுக்கு வந்த கோபத்துக்கு அவர் மதம் மாறியது மட்டும் காரணம் இல்லை, எல்லோரையும் சமமாக நடத்தியதும்தான். அவரைப் புனிதராக்கும்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை ரோமாபுரியே எடுத்துவிட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கட்டிய கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்த சுவர் இருந்தது, 1910-இல்தான் அதை இடித்தார்கள். இதையெல்லாம் இவர் அந்தப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தார். "அரசியல்ல வேதத்தைக் கொண்டுவராதே" என்றார்கள். ஓட்டுக் கேட்கும்போது வேதம் வரலாம், குழாய் போடும்போது வரக்கூடாதாம். வேதம் நம் ஆளுக்கு நாற்காலி வாங்கித்தருவதற்கு இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் யாருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிறான் என்பதில்தான் அது தெரியவேண்டும் என்று நான் நம்புகிறேன். தேவசகாயம் சாமியார் இல்லை, துறவி இல்லை. பெண்சாதியோடு குடும்பம் நடத்திய அரசாங்க உத்தியோகஸ்தர். இந்திய மண்ணின் முதல் பொதுநிலைப் புனிதர். என் வீட்டுக்காரரைப் போல ஓர் ஆளுக்கு வேறு யாரிடம் போய் வேண்டுவேன்?

பூவை மடியில் போட்டுக்கொண்டு அதைத்தான் வேண்டினேன். "இவருக்கு உம்ம தைரியத்தைத் தாரும், எனக்கு உம்ம வீட்டுக்காரியின் தைரியத்தைத் தாரும்." இவர் என்ன வேண்டினார் என்று கேட்டேன். "குழாய்" என்றார்.

திரும்ப பஸ்ஸில் நிற்க இடமில்லை. பிள்ளைகள் இரண்டும் தூங்கிவிட்டன. யாரோ ஓர் அண்ணன் எழுந்து மாமியாருக்கு இடம் கொடுத்தார். அவருக்கும் ஸ்தோத்திரம்.

ஜனவரி 26 கிராம சபைக்கு நானும் பிள்ளைகளோடு போனேன். கடைசித் தெருப் பெண்கள் முன்வரிசையில் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இவர் எழுந்து பேசினார். கொஞ்சம் சத்தம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர்களில் ஒருவர் எழுந்து, "போடட்டும், தண்ணிதானே" என்று சொன்னார், எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. தீர்மானம் நிறைவேறியது. குழாய் இன்னும் வரவில்லை. மாமியார் அதற்குள் அடுத்த நேர்ச்சையை நேர்ந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் தண்ணீர் வந்தால், இந்த முறை தோவாளை இல்லை, கோட்டாற்றிலிருந்தே நடப்பதாக. கடைசித் தெருவில் நாலைந்து குடும்பம் எங்களோடு நடக்கப் பெயர் கொடுத்திருக்கிறது. அம்மன் கும்பிடுகிற ஓர் அக்கா, எருக்கம்பூ மாலை நானே கட்டிக்கொண்டு வாறேன் என்று சொல்லியிருக்கிறார்.