கரிசல் குட்டியும் கொடைக்கானல் ஈரமும்

மே மாதம் கொடைக்கானல் போவது எங்கள் வீட்டில் பல வருட வழக்கம். அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் வில்பட்டிப் பக்கம் வாங்கிய சின்ன ஓட்டு வீடு அங்கே இருக்கிறது. இந்த வருடம் காரில் கூடுதலாக ஓர் ஆள். எள்ளு. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாங்கி வந்த கன்னி இன நாய்க்குட்டி, வயது 8 வாரம். உடம்பெல்லாம் கருப்பு, கண்களுக்கு மேலே பொட்டு வைத்த மாதிரி இரண்டு பழுப்புப் புள்ளி, கால்களிலும் அதே பழுப்பு.

கன்னியும் சிப்பிப்பாறையும் வெயில் நாய்கள். குட்டை முடி, கொழுப்பில்லாத ஒல்லி உடம்பு, முயல் விரட்டவென்றே வாய்த்த நீளக் கால்கள். கொதிக்கிற கரிசலில் பிறந்ததை, கோடையிலும் இரவில் 12 டிகிரி வரை இறங்கும் மலைக்குக் கொண்டுபோகலாமா என்று எனக்குத் தயக்கம். மதுரையில் விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை. மருத்துவரிடம் கேட்டேன். "குளிர விடாம பாத்துக்கோங்க, தெருநாய் புழங்குற இடத்துல மட்டும் தரையில விடாதீங்க" என்றார். ஒரு தடுப்பூசிதான் போட்டிருந்தது. மீதி ஊசிகள் முடியும்வரை, குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ நோய் பயம் உண்டு. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். அதை முதல் நாளே எடுத்துவிட்டோம். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே எள்ளுவுக்குக் கஞ்சி கொடுத்து முடித்தாயிற்று. அப்படியும் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இரண்டு முறை வாந்தி. குட்டிகளுக்கு உள்காது முழுசாக வளர்ந்திருக்காது, வளைவுகள் தாங்காது. எலிவால் அருவி தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மகள் அருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மடியிலிருந்த குட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரவு ஒரே அழுகை. குட்டி கொடுத்தவர், தாய் நாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருந்தார். அதை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தேன். சாக்கை மோந்து மோந்து, அதிலேயே மூக்கைப் புதைத்துத் தூங்கிப்போனாள். மறுநாள் மனைவி பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டு மாட்டிவிட்டாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

சரி, குளிர்ப் பிரச்சினை தீர்ந்தது. பெரிய பாடு வேறு இடத்தில். வெளியே விட்டால் ஒன்றுக்குப் போக மாட்டேன் என்றாள். முற்றம் முழுக்கப் புல். காலையில் பனி, மதியத்துக்கு மேல் கோடை மழை. இறக்கிவிட்டதும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடுங்கி நிற்பாள். உள்ளே தூக்கி வந்த நிமிடம், அடுப்படி மூலையில் சாம்பல் கொட்டும் இடத்தில் போய்விடுவாள். மூன்று நாள் நான் கொஞ்சம் அதட்டவும் செய்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்பாதான் கண்டுபிடித்தார். "ஏலே, அது புழுதியில பொறந்த பிள்ளை. ஈரப் புல்லுன்னா என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" அவர் பிறந்ததும் அதே கரிசலில்தான். திண்ணைக்குக் கீழே, மழை படாத இடத்தில் காய்ந்த மண்ணைச் சலித்துச் சாம்பலும் கலந்து ஒரு பழைய தட்டுக்கூடையில் பரப்பி வைத்தார். எள்ளு ஏறினாள், சுற்றினாள், ஒன்றுக்குப் போய்விட்டாள். எந்தத் தரையில் முதலில் பழகினவோ அதைத்தான் குட்டிகள் தேடும். அப்புறம் அப்பா தினமும் கூடையை ஒரு முழம் புல் பக்கம் நகர்த்தினார். இரவில் டார்ச்சோடு நானும் கூடவே போவேன். காட்டுமாடு வேலியோரம் வந்து நிற்கும், சிறுத்தை நடமாட்டமும் உண்டு. இருட்டியபின் குட்டியைத் தனியாக வெளியே விடவே கூடாது.

இந்த ஊரில் பேர்போனதெல்லாம் நாய்க்கு ஆகாது என்பதும் இந்த முறைதான் எனக்கு உறைத்தது. வீடுகளில் செய்யும் சாக்லேட், தைலமரத்து எண்ணெய், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு எல்லாமே கெடுதல். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எங்களுக்கென்று திண்ணையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டுக் கொத்திலிருந்து ஒன்று உதிர்ந்து, அதை எள்ளு கவ்விவிட்டாள். மகள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். அன்றே கொத்து பரணுக்குப் போயிற்று. பிளம்ஸ் மரத்தடியில் விழும் பழங்களையும் காலையும் மாலையும் பொறுக்கினோம். அதன் கொட்டையும் விஷம்.

ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி எதற்கும் இந்த வருடம் போகவில்லை. இத்தனை வருடத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் நாங்கள் நால்வரும் சேர்ந்து இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. மேகம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து முற்றத்தை மூடுவதை, மடியில் குட்டியோடு தினமும் பார்த்தோம்.

பதினாறாம் நாள் காலையில் கூடை புல்லின் நடுவில் இருந்தது. எள்ளு அதைத் தாண்டி நடந்தாள். பனி சொட்டச் சொட்டப் புல்லில் உட்கார்ந்து எழுந்து, உடம்பை உதறிவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். அப்பா கூடையைக் கவிழ்த்து மண்ணை ரோஜாச் செடிக்குப் போட்டார்.

ஜூன் முதல் வாரம் மதுரைக்குத் திரும்பினோம். வெயில் இன்னும் தணியவில்லை. மொட்டைமாடித் தொட்டிகளுக்கு மகள் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எள்ளு ஓடிவந்து, நீர் வழிந்து ஈரமான இடமாகப் பார்த்து வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள்.