அண்ணாச்சிக்கு விற்ற நான்கு கப்பல்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் ஆறு பேர் கூடி ஆடிவரும் மாற்று வரலாற்று ஆட்டத்தில் நான் பிரிட்டன். 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் செய்துகொண்ட உடன்படிக்கை எங்கள் ஆட்டத்தில் கையெழுத்தாகவே இல்லை என்பதால், ரஷ்யா எனக்குப் பகையாகவே நீடிக்கிறது. ஒரு சுற்று என்பது ஆறு மாதம்.

1906இல் ட்ரெட்நாட் என்னும் புதுவகைப் போர்க்கப்பல் வந்ததும் பிரிட்டனின் பழைய போர்க்கப்பல்கள் ஒரே நாளில் கிழடாயின. அதில் பத்து 12 அங்குலப் பீரங்கிகள், 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகம். பழையவற்றில் அத்தகைய பெரிய பீரங்கிகள் பெரும்பாலும் நான்குதான், 18 நாட். ஆனால் அவையும் கரி தின்னும், ஆளுக்குச் சம்பளம் கேட்கும். உண்மை வரலாற்றில் பிரிட்டன் கடற்படைத் தளபதி ஃபிஷர் 150க்கும் மேற்பட்ட பழைய கப்பல்களைப் பணியிலிருந்து நீக்கித் தள்ளினார். நானோ நான்கை விற்றுக் காசாக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

வாங்க வந்தவர் ஓட்டோமான் பேரரசை (இன்றைய துருக்கி) ஆடும் அண்ணாச்சி; நாற்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்துபவர். மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு அன்று நடந்தது விளங்கும். மற்ற நால்வரும் முறுக்கு தின்றுகொண்டிருக்க, அவர் காகிதத்தை மடக்கி என் பக்கம் தள்ளினார். நான் சொன்னதில் பாதி எழுதியிருந்தது. "தம்பி, கிழட்டுக் கப்பலுன்னு நீங்களே சொல்லுதீய. கரியும் குண்டும் போட்டுக் குடுத்திருங்க, முடிச்சிருவோம்" என்றார். கருங்கடலில் ரஷ்யாவுக்கு ஒரு தடை என்ற நினைப்பில் நானும் தலையாட்டிவிட்டேன்.

பணம் வந்த பிறகு கப்பல் போய்ச்சேர இரண்டு சுற்றுகள் ஆகும். அந்த இடைவெளியிலேயே அண்ணாச்சியும் ரஷ்யாவை ஆடும் என் மைத்துனரும் மாடிப்படியில் நின்று தனியே பேசத் தொடங்கினார்கள். கப்பல்களைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. உண்மை வரலாற்றில், 1914 ஆகஸ்டில் பிரிட்டனின் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் அதைத்தான் செய்தார். பிரேசில் பிரிட்டனில் கட்டத் தொடங்கி, ரப்பர் விலை சரிந்ததும் ஓட்டோமானுக்கு விற்ற சுல்தான் ஒஸ்மான், கூடவே அங்கேயே கட்டப்பட்ட ரெஷாதியே ஆகிய இரு போர்க்கப்பல்களையும் பிரிட்டன் கைப்பற்றியது. அவற்றுக்காக மக்களிடம் நன்கொடை திரட்டிய ஓட்டோமான் நாடு கொதித்தது. அதே மாதம் ஜெர்மனி கோபென், பிரெஸ்லாவ் என்னும் இரு கப்பல்களை ஓட்டோமானுக்குக் கொடுத்து அந்தச் சினத்தை அறுவடை செய்தது. அந்தத் தவற்றை நான் செய்யமாட்டேன் என்ற திமிரில், நான்கையும் நாள் தவறாமல் அனுப்பினேன்.

அடுத்த சுற்றில் ரஷ்யாவும் ஓட்டோமானும் ஒப்பந்தம் செய்தன. மத்தியதரைக் கடலிலிருந்து கருங்கடலுக்குப் போகும் வழியான டார்டனெல்ஸ் நீரிணை எனக்கு மூடப்பட்டது. கண்ணிவெடிகளுக்குப் பின்னால், கோட்டைகளின் நிழலில், என்னுடைய நான்கு கிழடுகளும் குறுக்கே நின்றன. குறுகிய நீரிணைக்குள் ஓடவேண்டிய தேவையே இல்லாத கப்பலுக்கு 18 நாட் எதற்கு, 21 நாட் எதற்கு? 1915 மார்ச் 18 அன்று அதே இடத்தில் கண்ணிவெடிகள் நேச நாடுகளின் மூன்று போர்க்கப்பல்களை மூழ்கடித்ததைப் பலமுறை படித்திருந்தும், விலை போடும்போது வேகத்தை மட்டுமே பார்த்தேன். அண்ணாச்சி அவற்றை நிறுத்தப்போகும் இடத்தைப் பார்த்திருக்கிறார்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் கடைசியில் போட்டிக் கம்பெனியிடமே போய்ச்சேர்ந்த கதையைச் சொல்லி மைத்துனர் வேறு சிரித்தார். அதை இந்தச் சீமையில் பிறந்தவனிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

நேற்றிரவு அண்ணாச்சியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. ரஷ்யாவோடு அவருக்கு மனக்கசப்பாம். நான்கு கப்பல்களையும் இரட்டை விலைக்கு எனக்கே திருப்பித் தருவாராம். கரி மட்டும் தனிக் கணக்கு என்கிறார்.