நாற்பது ரூபாய் ஸ்லைடும் ஆயிரம் ரூபாய் கார்ட்ரிட்ஜும்

2011ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வட்ட மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் சளி தடவிய கண்ணாடி ஸ்லைடுகளை நுண்நோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி பதினான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் தனியார் ஆய்வகம் ஒன்றின் ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தது. "அண்ணே, ரத்தத்துல பாத்துட்டு டீபி இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மூணு நாள் கூலி போச்சு" என்றார். பையனின் இரண்டு சளி மாதிரிகளிலும் கிருமி இல்லை. மார்பு எக்ஸ்-ரேயும் தெளிவாக இருந்தது. மருத்துவர் சாதாரண மாத்திரைகள் கொடுத்துப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். வந்தபோது இருமல் நின்றிருந்தது.

காசநோய்ப் பரிசோதனைகளின் செலவைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்த மூன்று நாள் கூலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த ரத்தப் பரிசோதனை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. நம் நாட்டில் எத்தனையோ பேர் நோய் வராமலேயே இந்தக் கிருமியைச் சந்தித்திருப்பதால், எதிர்ப்புப் பொருள் தென்படுவதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் காசநோய் சந்தேகத்துக்குரிய 15 லட்சம் பேரை வைத்து அதே 2011இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியான ஒரு செலவுக் கணக்கு, சளிப் பரிசோதனைக்குப் பதிலாக இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்தால் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுவோர் சுமார் 14,000 பேர் என்றும், நோயே இல்லாமல் நோயாளி எனப் பட்டம் கட்டப்படுவோர் கூடுதலாக 1,21,000 பேர் என்றும், செலவோ ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும் மதிப்பிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2012 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. தவறான விடை தரும் பரிசோதனையை இலவசமாகவே கொடுத்தாலும் அது விலை அதிகம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

மறுபக்கத்தில், நாங்கள் காலங்காலமாகச் செய்துவந்த ஸ்லைடு. கார்பால் ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயத்தை ஊற்றி, கீழே சுடர் காட்டி ஆவி எழும்வரை சூடாக்கி, அமிலத்தால் கழுவி, மெத்திலீன் நீலம் ஏற்றினால், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். 'இல்லை' என்று எழுதுவதற்கு முன் நூறு புலங்களையாவது (நுண்நோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்தாக வேண்டும். ஒரு நாளில் இருபத்தைந்து ஸ்லைடைத் தாண்டினால் கண் ஏமாற்றத் தொடங்கும். பொருட்செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் நம் கண்ணில் படும். குழந்தைகளிடமும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் பெரும்பாலும் அவ்வளவு இருப்பதில்லை. கிருமியை ஊடகம் எனப்படும் ஊட்டப்பொருளில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனை நூற்றுக்கும் குறைவான கிருமிகளையும் பிடித்துவிடும். என்றாலும், திரவ ஊடகத்தில் 'இல்லை' என்று முடிவு சொல்ல ஆறு வாரமும், திட ஊடகத்தில் எட்டு வாரமும் காத்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில்தான், கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனை நுழைந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எக்ஸ்பர்ட் என்னும் அத்தகைய பரிசோதனை, ஒரு மில்லியில் 130 கிருமிகள் அளவில் இருந்தாலே இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் புதிதாகப் போட வேண்டிய கார்ட்ரிட்ஜின் ஏழை நாடுகளுக்கான விலை 2012இல் 16.86 டாலரிலிருந்து 9.98 டாலராகவும், 2023இல் 7.97 டாலராகவும் குறைந்தது. அதிக அளவில் தயாரித்தால் ஐந்து டாலருக்குள் அடக்கலாம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பல ஆண்டுகள் போராடிய பிறகே அந்த இரண்டாவது குறைப்பு வந்தது. பரிசோதனையின் 'செலவுத் திறன்', அதாவது கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பலன், அறிவியலால் மட்டும் முடிவாவதில்லை, பேரத்தாலும் முடிவாகிறது என்பதைக் கணக்குப் போடுவோர் மறந்துவிடக் கூடாது.

இனி ஒரு கணக்கு. எண்கள் அனைத்தும் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. இருமலோடு வரும் ஆயிரம் பேரில் நூறு பேருக்குக் காசநோய் இருக்கட்டும். ஸ்லைடுக்கு 40 ரூபாய், அது நூற்றில் 60 பேரைக் கண்டுபிடிக்கிறது என்றால் மொத்தம் 40,000 ரூபாய். ஆயிரம் பேருக்கும் 1,000 ரூபாயில் மூலக்கூறு பரிசோதனை செய்து 89 பேரைக் கண்டுபிடித்தால் பத்து லட்சம். 'ஒரு நோயாளிக்கு இவ்வளவு' என்று சராசரி போட்டால் ஸ்லைடு 667 ரூபாயோடு எளிதாக வென்றுவிடும். ஆனால் அப்படிக் கேட்பதே பிழை. ஸ்லைடு தவறவிட்ட 29 பேரைக் கூடுதலாகப் பிடிக்க 9,60,000 ரூபாய், அதாவது தலைக்கு ஏறத்தாழ 33,000 ரூபாய் கொடுக்கத் தயாரா என்பதுதான் கேட்க வேண்டியது. அந்த 29 பேரும் வீட்டிலும் பேருந்திலும் இருமிக்கொண்டு மாதக்கணக்கில் மருத்துவமனைகளை மாறி மாறி ஏறி இறங்குவதால் ஆகும் செலவைச் சேர்த்தால், தயார் என்றே நான் சொல்வேன்.

அதோடு நின்றுவிடவும் வேண்டாம். ஆயிரம் பேருக்கும் முதலில் 100 ரூபாயில் எக்ஸ்-ரே எடுத்து, சந்தேகப்படும்படி உள்ள 300 பேருக்கு மட்டும் மூலக்கூறு பரிசோதனை செய்வோம். நோயாளிகளில் 95 பேர் அந்த 300க்குள் வந்துவிட்டால் 85 பேர் பிடிபடுவார்கள். மொத்தச் செலவு நான்கு லட்சம். ஸ்லைடைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொருவருக்கும் 14,400 ரூபாய்தான். இதற்கு மேல், எக்ஸ்-ரே இல்லாமல் எல்லோருக்கும் செய்து மீதி நால்வரைப் பிடிக்க வேண்டுமானால் தலைக்கு ஒன்றரை லட்சம். இயந்திரத்தின் விலையைவிட, அதை யாருக்கு, எந்த வரிசையில் பயன்படுத்துகிறோம் என்பதே செலவை நிர்ணயிக்கிறது.

தாளில் வராத செலவுகளும் உண்டு. ஒரே நேரத்தில் நான்கு கார்ட்ரிட்ஜ்கள் போடக்கூடிய எக்ஸ்பர்ட் இயந்திரம் எட்டு மணி நேரத்தில் பதினாறு மாதிரிகள் வரை பார்க்கும். நாளைக்கு நான்கே மாதிரிகள் வந்தால் குளிர்சாதனம், தடையற்ற மின்சாரம், ஆண்டு அளவீட்டுச் சோதனை எல்லாம் அந்த நான்கின் தலையில் விழும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்னும் இன்னொரு மூலக்கூறு பரிசோதனைக் கருவி பேட்டரியில் இயங்குவதால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பார்க்க மட்டும் கிருமி தெரிந்தவர்களுக்கு இன்னொரு சிப் (மாதிரியை ஏற்றும் சிறு தகடு) போட வேண்டும். மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து வருபவருக்கு இரண்டு பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாவது அரசின் கணக்கில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, தென்னாப்பிரிக்காவின் அனுபவத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாடு முழுதும் எக்ஸ்பர்ட்டைப் பரப்பியபோது, 20 ஆய்வகங்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், நுண்நோக்கி இருந்த இடங்களுக்கும் எக்ஸ்பர்ட் வந்த இடங்களுக்கும் இடையே இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஸ்லைடில் கிருமி தெரியாதபோதும் மருத்துவர்கள் எக்ஸ்-ரேயையும் அனுபவத்தையும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்கள்; அறிக்கை வந்தும் சிகிச்சைக்கு வந்து சேராதவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

இதைப் படித்த பிறகு, எங்கள் ஆய்வகப் பதிவேட்டில் மாதிரி வந்த தேதிக்கும் அறிக்கை கொடுத்த தேதிக்கும் பக்கத்தில் பென்சிலால் மூன்றாவது பத்தி ஒன்று இழுத்து, முதல் மாத்திரை விழுங்கிய தேதியைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். முதல் இரண்டு தேதிகளும் பெரும்பாலும் ஒரே நாளாக இருந்தன. மூன்றாவது, ஒரு முதியவருக்கு, பதினொரு நாள் கழித்து இருந்தது. அறிக்கை அவர் பேரனின் கைப்பேசிக்குப் போயிருக்கிறது, பேரன் திருப்பூரில் வேலையில் இருந்திருக்கிறான்.