அப்பா வைத்த அடமானம்

குடியாத்தம் வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, "உங்கப்பா கடனை உன் சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்களாம்டா" என்று பெரியப்பா கிளப்பிவிட்டார். அம்மாவுக்குத் தூக்கம் போச்சு.

காட்பாடியில் தெரிந்த வக்கீல் விளக்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் என் பொறுப்பு. அப்பன் கடனை மகன் தீர்த்தே ஆகணும் என்ற பழைய இந்து சட்ட விதி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்குச் செல்லாது. ஆனால் அடமானம் வீட்டை விடாது, கட்டாவிட்டால் ஏலம்தான்.

கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் பாதித் தொகையை அடைத்தது. மீதியை நானும் தங்கையும் கட்டுகிறோம். தாசில்தார் ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் அம்மா, நான், தங்கை மூவர் பெயரும் இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்குப் பங்கு என்பதுதான் இப்போது பெரியப்பாவின் கவலை.